ஒரு தரம், இரண்டு தரம்: எலிஹு யேலின் ஓவிய ஏலமும் பெயரற்ற கைகளும்

1. கேள்வி

குமரி மாவட்டத்துத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலின் கருவறைச் சுவரைச் சுற்றி வருகிறவருக்கு, கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் ஓவியங்கள் புலப்படும். சுண்ணச்சாந்தின் மேல் காவியும் மஞ்சளும் பச்சையும் கருப்புமாகத் தீட்டிய, கேரளச் சுவரோவிய மரபைச் சேர்ந்த உருவங்கள் அவை. உள்ளே கடுசர்க்கரை என்னும் சாந்துக் கலவையில் செய்த 22 அடிப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். 2022 ஜூலை 6ஆம் நாள், 418 ஆண்டுகளுக்குப் பிறகு, இக்கோயிலில் குடமுழுக்கு நடந்தபோது வந்த கூட்டம் பெருமாளைப் பார்க்க வந்தது. சுவரைப் பார்த்தவர்கள் குறைவு. அந்த ஓவியங்களைத் தீட்டியவர் யார் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. அவற்றின் விலை என்ன என்றும் கேட்பதில்லை.

இவ்விரு கேள்விகளும் எழாமல் இருப்பது தற்செயலா, அல்லது ஒன்று இல்லாததால்தான் மற்றதும் இல்லையா என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. ஓவியரின் பெயரும் ஓவியத்தின் விலையும் ஒன்றோடொன்று பிணைந்த இடம் ஏலக்கூடம். 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ரூபன்ஸ், வான் டைக், முரில்லோ போன்ற முன்னோடி ஓவியர்களின் படைப்புகள் கைமாறிய முதன்மையான வழிகளில் ஒன்று ஏலம். அந்த வரலாற்றில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற ஒருவர் நிற்கிறார்: சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்த எலிஹு யேல். இந்தியாவிலிருந்து அவர் கொண்டுசென்ற பொருள்கள் வீட்டில் அடங்காமல் போகவே மிஞ்சியவற்றை ஏலம் விட்டார், இங்கிலாந்தில் அந்த வகையில் நடந்த முதல் ஏலம் அதுவே என்று பிற்கால வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு கூற்று உலவுகிறது. அக்கூற்று உண்மையா? உண்மை இல்லையென்றால், அது எப்படி நிலைத்தது, எதை மறைத்தது?

2. லேலமும் ஏலமும்

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஏலம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பிறப்பு உண்டு. ஏலக்காயைக் குறிக்கும் ஏலம் பழையது. கூவி விற்பதைக் குறிக்கும் ஏலம் போர்த்துக்கீசிய ‘லெய்லாவ்ங்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அறிவிப்பு என்று பொருள்படும் அரபுச் சொல் அதற்கும் மூலம் என்பது சொல்லாய்வாளர் கருத்து. இந்தியில் அது ‘நீலாம்’ ஆயிற்று. மலையாளம் முதல் லகரத்தைக் காப்பாற்றி ‘லேலம்’ என்கிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின் தொடர்ச்சியில் இருந்த எங்கள் குமரிப் பகுதியில் இரண்டு வடிவங்களும் காதில் விழுவதில் வியப்பில்லை.

குமரி மாவட்டத்தில் ஏலம் அன்றாடம். குளச்சல் கரையில் மீன் ஏலம் போகிறது. அறநிலையத் துறை கோயில் தோப்பின் தேங்காய்க் குத்தகையை ஏலம் விடுகிறது. தேவாலயங்களின் அறுப்பின் பண்டிகையில் விசுவாசிகள் படைத்த வாழைக்குலையும் சேவலும் பூசணியும் ஏலத்துக்கு வருகின்றன. “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்” என்று குரல் இறங்கும்போது பொருள் கைமாறிவிடும்.

சொல்லின் பயணம் ஒரு சான்றும் ஆகும். கூவி விற்கும் முறையும் அதன் பெயரும் கடல்வழி வணிகத்தோடு இக்கரைக்கு வந்தன. யேல் காலத்துச் சென்னையில் பல இனத்தவரும் தங்களுக்குள் பேசிக்கொண்ட பொதுமொழி போர்த்துக்கீசியம். ஆக, லண்டனில் ஓவிய ஏலம் பரவுவதற்கு முன்பே ஏலத்துக்குரிய சொல் சோழமண்டலக் கரையில் புழங்கியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இந்தச் செய்தியைப் பின்னால் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

3. ‘முதல் ஏலம்’: சான்றுகள்

யேல் 1649 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தார். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. அவர் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் முதலாம் சார்லஸ் மன்னர் சிரச்சேதம் செய்யப்பட்டார். மன்னர் சேர்த்திருந்த ஏறத்தாழ 1,500 ஓவியங்களைப் புதிய குடியரசு விற்கத் தொடங்கியது. டிஷியனும் ரபேலும் சந்தைக்கு வந்த அந்தப் பெரும் விற்பனை ஏலம் அன்று. பொருள்களுக்கு முன்கூட்டியே மதிப்புக் குறித்து, அந்த விலைக்குக் கொடுத்தார்கள். அரசவையின் கடன்காரர்களுக்குப் பணத்துக்குப் பதில் ஓவியமாகவும் கொடுத்தார்கள். 1650களின் லண்டனில் ஓவியத்தைக் கூவி விற்கும் வழக்கம் வேரூன்றவில்லை என்பதற்கு இது ஒரு குறிப்பு.

ஆம்ஸ்டர்டாமில் நிலைமை வேறு. அந்நகரின் அநாதைப் பிள்ளைகள் மன்றம், இறந்தவர்களின் உடைமைகளை வாரிசுகளுக்காக ஏலம் விட்ட பதிவுகள் 1597 முதல் 1638 வரை கிடைக்கின்றன. அவற்றை ஆராய்ந்த ஜான் மைக்கேல் மாண்டியாஸ், ஓவியம் அங்கே சட்டி, போர்வை, நாற்காலியோடு சேர்ந்து ஏலம் போன உலகை மீட்டுக் காட்டினார். 1656இல் கடனில் மூழ்கிய ரெம்பிராண்டின் வீட்டுப் பொருள்களும் சேகரிப்பும் அடுத்த சில ஆண்டுகளில் அதே நகரில் ஏலம் போயின. ஓவியர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயர் போதிய விலை தரவில்லை, கடன் அடையவில்லை.

இங்கிலாந்தின் காலவரிசை தெளிவானது. 1676 அக்டோபர் 31ஆம் நாள் வில்லியம் கூப்பர் என்ற புத்தக வணிகர் லாசரஸ் சீமன் என்ற மதகுருவின் நூலகத்தை ஏலம் விட்டார். இதுவே அங்கு நடந்த முதல் புத்தக ஏலமாகக் கொள்ளப்படுகிறது. அரசவை ஓவியர் பீட்டர் லீலி 1680இல் இறந்தபின், அவர் கடனை அடைக்க, அவருடைய ஓவியச் சேகரிப்பு 1682இல் விற்கப்பட்டது, வரைபடங்கள் 1688இல். 1689 முதல் சில ஆண்டுகள் லண்டன் காப்பிக்கடைகளில் ஓவிய ஏலம் ஒரு காய்ச்சலாகவே பரவியது. 1693 ஜூனில் நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லின் வைட்ஹால் விருந்து மண்டபத்தில் மெல்ஃபோர்ட் பிரபுவின் ஓவியங்கள் ஏலம் போவதைப் பார்த்தார். முரில்லோ வரைந்த சிறுவர்களின் படத்தைக் கோடால்ஃபின் பிரபு 80 கினிக்கு எடுத்தார், அது அதிக விலை என்பது ஈவ்லினின் கருத்து. ரூபன்ஸ் வரைந்த அருண்டேல் பிரபுவின் முகப்படம் 20 பவுனுக்குப் போயிற்று.

அந்த ஜூன் மாதம் யேல் எங்கே இருந்தார்? சென்னையில். 1692இல் ஆளுநர் பதவி பறிபோய், தன் மேல் இருந்த குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, 1699 வரை ஊர் திரும்ப முடியாமல் இருந்தார். 1671இல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சேர்ந்து, மறு ஆண்டு சென்னையில் இறங்கியவர் அவர். அவர் புறப்பட்டபோது லண்டனில் முதல் புத்தக ஏலம்கூட நடந்திருக்கவில்லை. திரும்பியபோது ஓவிய ஏலம் பழகிப்போன பொழுதுபோக்காகிவிட்டிருந்தது. இடைப்பட்ட 27 ஆண்டுகளில் அந்த வழக்கம் உருவான இடத்தில் அவர் இல்லை. முதல் ஏலம் என்ற கூற்றை இந்த ஒரு காலக்கணக்கே தள்ளிவிடுகிறது.

கூற்றின் தரப்பில் ஒன்று சொல்லலாம். ‘அந்த வகையில் முதல்’ என்பதைத் தனிமனிதர் ஒருவர் கீழ்த்திசைப் பொருள்களைத் தன் வீட்டிலிருந்தே விற்ற ஏலம் என்று சுருக்கிப் பொருள்கொள்ள இடமுண்டு. ஆனால் அப்படிச் சுருக்கினால் கூற்றில் வியக்க எதுவும் மிஞ்சாது. கீழ்த்திசைப் பொருள்கள் லண்டனில் ஏலம் போவது அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனியின் வாடிக்கை.

4. மெழுகுவத்தியும் கூவலும்

கம்பெனி தன் சரக்கை விற்ற முறைக்கு ‘மெழுகுவத்தி ஏலம்’ என்று பெயர். ஓர் அங்குல மெழுகுவத்தியை ஏற்றிவைப்பார்கள். சுடர் அணையும் கணத்தில் யாருடைய கேட்பு கடைசியாக நிற்கிறதோ அவருக்குச் சரக்கு. 1662 செப்டம்பரில் கடற்படை அலுவலர் சாமுவேல் பீப்ஸ் இப்படி ஓர் ஏலத்தைப் பார்த்துத் தன் நாட்குறிப்பில் எழுதினார். ஒருவர் மட்டும் சரியான கணத்தில் கேட்டு ஒவ்வொரு முறையும் வென்றார். கேட்டதற்கு, சுடர் அணையப்போகும் தறுவாயில் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைக் கவனித்துக் கேட்பேன் என்றாராம். ஏலத்தில் அறிவு என்பது பொருளைப் பற்றியதாக மட்டும் இருக்கவேண்டியதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சென்னைக் கோட்டையிலும் இதன் மறுபக்கம் இருந்தது. பணியில் இருக்கும்போதே இறந்துபோன கம்பெனி ஊழியர்களின் உடைமைகள் கூவி விற்கப்பட்டன; ஆங்கிலேயர் அதை ‘அவுட்கிரை’, அதாவது கூவல், என்றே எழுதினார்கள். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஆட்களைக் கொண்டுபோன நகரில் இத்தகைய விற்பனைகளுக்குக் குறைவில்லை. இறந்தவரின் மேசையும் மதுப்பாத்திரமும் உயிரோடிருக்கும் சக ஊழியரின் வீட்டுக்குப் போயின. தேக்கிவைத்த சரக்கை எப்போது வெளியே விடுவது, கூட்டத்தை எப்படிச் சேர்ப்பது, பட்டியலை எப்படி நீட்டுவது என்ற வணிகப் பாடங்களை ஆண்டுக்குப் பத்துப் பவுன் சம்பளத்தில் எழுத்தராக நுழைந்த யேல் இங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

அந்தச் சம்பளத்தில் பணக்காரராக முடியாது. துணி, வைரம் ஆகியவற்றில் சொந்த வணிகம் செய்தார். 1680 நவம்பர் 4ஆம் நாள், புதிதாகத் திறந்த புனித மேரி தேவாலயத்தில் பதிவான முதல் திருமணம் அவருடையது. மணமகள், வசதி படைத்த கைம்பெண் கேத்தரின் ஹின்மர்ஸ். கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை 1690இல் மராட்டியரிடமிருந்து கம்பெனிக்கு வாங்கியதும் அவர் ஆளுகையில்தான். அதே ஆளுகையில், ஐரோப்பா செல்லும் கப்பல்கள் செயின்ட் ஹெலனா தீவுக்கு அடிமைகளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்று கோட்டை மன்றம் உத்தரவிட்டதும் பதிவேட்டில் இருக்கிறது. பஞ்சகாலத்தில் மனிதர்களே மலிவான சரக்காக இருந்தார்கள். பின்னாளில் லண்டனில் தொங்கிய ஓவியங்களுக்கான பணம் இந்தக் கலவையிலிருந்து வந்தது.

ஆகவே மரபுக்கதையை இப்படித் திருத்தலாம்: ஏலத்தை லண்டனுக்குக் கற்றுக்கொடுத்தவர் யேல் அல்ல. கடல்வணிகம் கூவி விற்பதை லண்டன், சென்னை, ஆம்ஸ்டர்டாம் என்று எல்லாத் துறைமுகங்களிலும் பழக்கமாக்கியது. மிளகுக்கும் துணிக்கும் பழகிய அந்த முறைக்குள் ஓவியம் பின்னால் வந்து சேர்ந்தது.

5. ஏழாயிரம் ஓவியங்கள்

யேலின் பெயரோடு உறுதியாக இணைக்கத்தக்க பெரும் ஏலம் அவர் இறந்த பிறகு நடந்தது. 1721 ஜூலை 8ஆம் நாள் லண்டனில் காலமானார். முறையாகக் கையெழுத்திட்ட உயில் இல்லை. 1721 இறுதியில் தொடங்கி 1723 வரை அவருடைய சேகரிப்பு பல தவணைகளாக ஏலம் போயிற்று. டயானா ஸ்கேரிஸ்பிரிக்கும் பெஞ்சமின் சக்கரும் 2014இல் வெளியிட்ட நூல் அந்த ஏலப் பட்டியல்களை அடிப்படையாக வைத்தே யேலின் சேகரிப்பை மீட்டெடுக்கிறது. ஏறத்தாழ 10,000 உருப்படிகள்; அவற்றில் ஓவியங்கள் மட்டும் சுமார் 7,000.

இந்த எண்ணிக்கையைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். முதலாம் சார்லஸ் மன்னரின் சேகரிப்பைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். பிரதமர் ராபர்ட் வால்போலின் புகழ்பெற்ற ஹௌட்டன் சேகரிப்பிலிருந்து ரஷ்யப் பேரரசி கேத்தரின் 1779இல் வாங்கியவை இருநூறு சொச்சம் ஓவியங்களே. அதற்கே இங்கிலாந்து பெரும் இழப்பு என்று புலம்பியது. ஏழாயிரம் ஓவியங்களை எந்த வீட்டுச் சுவரும் தாங்காது. யேலின் இந்தப் பழக்கத்தை ரசனை என்ற சொல்லால் முழுதும் விளக்க இயலாது. கிட்டங்கியில் துணி மூட்டைகளை அடுக்கிவைத்து, விலை ஏறும் நாளுக்காகக் காத்திருந்த சோழமண்டல வணிகரின் கை இதில் தெரிகிறது. லண்டன் ஏலங்களில் மலிவாகக் கிடைத்ததை மொத்தமாக வாங்கிச் சேர்த்திருப்பார் என்பதே பொருத்தமான ஊகம்.

‘வீட்டில் இடம் போதவில்லை’ என்று மரபுக்கதை சொல்வதும் இந்த இடத்தில் பொருள்படுகிறது. நிகழ்ச்சியின் காலத்தில் கதை தவறுகிறது, அளவில் தவறவில்லை. மகன் இல்லாத வீட்டில் வாரிசுகள் நடத்திய விற்பனை, பிற்கால நினைவில் உரிமையாளரே நடத்திய விற்பனையாக இருபது ஆண்டு முன்னே நகர்ந்திருக்கலாம்.

அக்கால ஏலப் பட்டியலின் முதல் பக்கத்தில் நிபந்தனைகள் இருக்கும். அதிகம் கேட்டவருக்கே பொருள்; தகராறு வந்தால் மறுபடி ஏலம்; இன்ன தொகைக்குக் குறையாமல் ஏற்றிக் கேட்க வேண்டும்; முன்பணம் கட்ட வேண்டும்; சில நாள்களுக்குள் சொந்தச் செலவில் எடுத்துச் செல்ல வேண்டும். அறநிலையத் துறையின் குத்தகை ஏல அறிவிப்பைப் படித்த எவருக்கும் இவற்றில் புதுமை இராது. தேங்காய்க்கும் ரூபன்ஸுக்கும் ஒரே நிபந்தனை. வேறுபாடு அடுத்த பக்கத்தில், உருப்படிகளின் வரிசையில் தொடங்குகிறது.

6. பெயரின் விலை

தேங்காய் ஏலத்தில் எண்ணிக்கையைச் சொன்னால் போதும். ஓவிய ஏலத்தில் ‘இன்னார் வரைந்தது’ என்று சொல்ல வேண்டும். மூன்று நான்கு நாள் முன்பார்வையில், மங்கிய வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான படங்களுக்கிடையே ஒன்றை அடையாளம் காட்ட வேறு வழி இல்லை. அதனால் பட்டியல் எழுதியவரே ஓவியருக்குப் பெயர் சூட்டும் அதிகாரியானார். நகல்கள், சீடர்களின் வேலைகள், போலிகள் எல்லாம் பெரிய பெயர்களின் கீழ் வந்து சேர்ந்தன. இந்தப் பித்தைக் கேலிசெய்து ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745இல் ஒரு செதுக்குப்படம் வெளியிட்டார். அதில் ஏலக்கூடத்திலிருந்து புறப்பட்ட பழைய ஓவியங்கள் படையாக அணிவகுத்து, அவருடைய புதிய ஓவியங்களைக் குத்திக் கிழிக்கின்றன. உயிரோடிருக்கும் ஆங்கிலேய ஓவியனின் சோற்றில் இத்தாலியப் பெயர்கள் மண்ணள்ளிப் போடுகின்றன என்பது அவர் வழக்கு.

ஆக ஏலம் ஏற்கெனவே இருந்த மதிப்பைக் கண்டறிந்து சொல்லும் கருவி மட்டுமே என்ற எளிய கருத்து நிற்காது. ஏலம் பெயரைக் கேட்டது. பெயர் கிடைக்காத இடத்தில் உண்டாக்கியது. உண்டாக்கிய பெயருக்கு விலை வைத்தது.

பெயர் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு இந்தியாவோடு தொடர்புள்ள ஓர் எடுத்துக்காட்டு போதும். ரெம்பிராண்ட் 1650களின் பிற்பகுதியில் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்துத் தொடர்ச்சியாக வரைந்தார். 1747இல் ஓவியர் ஜோனதன் ரிச்சர்ட்சனின் சேகரிப்பு லண்டனில் ஏலம் போனபோது, ரெம்பிராண்ட் வரைந்த 25 இந்தியப் படங்கள் கொண்ட நூல் ஒன்று பட்டியலில் இருந்தது. பார்த்து வரைந்தவரின் பெயர் விலையாயிற்று. மூலத்தைத் தீட்டிய முகலாய ஓவியர்கள் ‘இந்திய’ என்ற ஒரே அடைமொழிக்குள் அடங்கினார்கள்.

யேலின் பெயரே விற்பனையால் வந்தது என்பது இந்த வரலாற்றின் விசித்திரம். கனெக்டிகட்டில் கட்டடப் பணிக்குப் பணமின்றித் திண்டாடிய சிறு கல்லூரிக்கு, 1718இல் 417 புத்தகங்களும் முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியமும் ஒன்பது பொதிச் சரக்கும் அவர் அனுப்பினார். மஸ்லினும் காலிகோவும் இருந்த அந்தப் பொதிகள் பாஸ்டனில் விற்று 562 பவுன் சொச்சம் கிடைத்தது. கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. நன்கொடை கொடுத்தால் உங்கள் பெயர் நிலைக்கும் என்று அவருக்கு முன்பே கடிதம் எழுதித் தூண்டியவர் மதகுரு காட்டன் மாதர். துணிப்பொதியின் விலையில் ஒரு பெயர் முந்நூறு ஆண்டு நிலைத்துவிட்டது. ஏழாயிரம் ஓவியங்களோ சிதறிப்போய், யேல் சேகரிப்பு என்று சுட்ட இன்று ஒரு கூடம் இல்லை.

7. ‘பெயின்டர்’ யார்?

சென்னைக் கோட்டையின் ஆங்கிலப் பதிவேடுகளில் ‘பெயின்டர்’ என்ற சொல் அடிக்கடி வரும். நெசவாளர், வண்ணார், பெயின்டர் என்று மூவரும் சேர்ந்தே வருவார்கள். எண்ணெய் வண்ணத்தில் முகப்படம் வரைபவரை அச்சொல் குறிக்கவில்லை. பருத்தித் துணியில் மூங்கில் எழுதுகோலால் கோடு இழுத்துப் பூவும் கொடியும் தீட்டியவர்களை அது குறித்தது. கடுக்காயும் பாலும் ஏற்றிய துணி, இரும்புக் கருப்பு, படிகாரம், சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி என்று பல நாள் வேலை அது. யேலுக்குப் பின் வந்த ஆளுநர்கள் நெசவாளர்களோடு இவர்களுக்கும் குடியிருப்புகள் அமைத்தார்கள்: ஜோசப் காலட்டின் பெயரால் காலாடிப்பேட்டை, 1734இல் சிந்தாதிரிப்பேட்டை.

இந்த ஓவியத்துணிகள் ஐரோப்பியரின் பழைய ஓவியங்களுக்கு இணையான ஆவலோடு லண்டனில் கம்பெனி ஏலத்தில் எடுக்கப்பட்டன. பிறகு அங்கத்திய கம்பளி, பட்டு நெசவாளர்கள் எதிர்த்தார்கள். 1700இன் சட்டம் கீழ்த்திசை வண்ணத்துணி உள்நாட்டுப் பயனுக்கு வருவதைத் தடுத்தது. 1719இல் லண்டன் தெருக்களில் காலிகோ அணிந்த பெண்களின் உடையை நெசவாளர்கள் கிழித்தார்கள். 1721இல் நிறைவேறிய இரண்டாம் சட்டம் அத்தகைய துணியை உடுத்துவதையே 1722 கிறிஸ்துமஸ் முதல் குற்றமாக்கியது.

ஆண்டுகளைக் கவனிக்கவேண்டும். யேலின் ஓவியங்கள் லண்டனில் ஏலம் போனது 1721 முதல் 1723 வரை. அதே நகரில், அதே மாதங்களில், சோழமண்டலத்துக் கைகள் தீட்டிய துணியை உடுத்துவது சட்டப்படி முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. யேலின் செல்வத்துக்கு அடித்தளமான ஓவியம் ஒன்று. அந்தச் செல்வத்தால் வாங்கிய ஓவியம் இன்னொன்று. முதலாவது சரக்கு என்று வகைப்பட்டதால் தடை செய்ய முடிந்தது. இரண்டாவது கலை என்று வகைப்பட்டதால் பட்டியலிட முடிந்தது. எதிர்வாதம் ஒன்று எழலாம்: துணியில் ஒரே வடிவம் பலமுறை வந்தது, ஓவியம் ஒற்றைப் படைப்பு. ஆனால் ஃப்ளாண்டர்ஸ், ஹாலந்து பட்டறைகளும் ஒரே காட்சியைப் பலமுறை தீட்டி விற்றவைதான்; ஏழாயிரத்தில் அத்தகையவை ஏராளம் இருந்திருக்கும். இரண்டையும் பிரித்த கோடு கைவினையின் தன்மையில் இல்லை, பட்டியலில் பெயர் இருந்ததா என்பதில் இருக்கிறது.

இதே கோடு யேலின் ஓவியம் ஒன்றிலேயே காணக்கிடைக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் பிரித்தானியக் கலை மையத்தில் உள்ள குழு முகப்படத்தில் யேலும் அவருடைய மருமகன் குடும்பத்துப் பிரபுக்களும் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். ஓரத்தில் மது ஊற்றும் கருநிறச் சிறுவன். கழுத்தில் பூட்டிய உலோகப் பட்டை. பிரபுக்களின் பெயர்கள் படத்தின் பழைய தலைப்பில் வந்தன. சிறுவனுக்கு ‘அடிமைப் பணியாள்’ என்பதே பெயராக இருந்தது. மாணவர்களும் ஆய்வாளர்களும் கேள்வி எழுப்பிய பின்னணியில் 2020இல் அப்படம் சிலகாலம் சுவரிலிருந்து இறக்கப்பட்டது. 2024இல் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக மன்னிப்புக் கேட்டது.

8. மீண்டும் சுவர்

இனி முதல் கேள்விக்கு வரலாம். திருவட்டாற்றுச் சுவரோவியத்துக்கு விலை இல்லாததற்கு மூன்று விளக்கங்கள் சொல்ல முடியும்.

முதலாவது, சுவரோவியத்தை எடுக்க முடியாது என்பது. இதே கோயிலில் நடந்த நகைத் திருட்டு 1992இல் வெளிப்பட்டு ஊரையே உலுக்கியது. பொன் போயிற்று, சுவர் அங்கேயே நின்றது. ஆனால் இந்த விளக்கம் முழுமையாகாது. அஜந்தா குகையிலிருந்து பெயர்த்தெடுத்த ஓவியத் துண்டு ஒன்று 1922இல் லண்டன் சோத்பிஸ் ஏலத்துக்கு வந்து, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. சுவரும் நகரும், பெயர்க்க ஆள் இருந்தால்.

இரண்டாவது, கோயில் பொருள் விற்பனைக்கு அப்பாற்பட்டது என்பது. சென்னைப் புனித மேரி தேவாலயத்தின் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் இறுதி இராவுணவு ஓவியம் இதற்குத் துணைபோகும். 1761இல் பிரெஞ்சுக்காரர் தோற்றபின் புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்தது என்றும் ரபேல் வழிவந்தவர் வரைந்தது என்றும் சொல்லப்படுவது அது. கொள்ளையாக வந்து வழிபாட்டுப் பொருளாக நிலைத்துவிட்டது. ஏலத்தில் நுழையாததால் ‘ரபேல்’ என்ற பெயருக்கு யாரும் சோதனை வைக்க அவசரப்படவில்லை. ஆனால் வழிபாட்டிடங்களின் ஓவியங்களும் சிலைகளும் உலகெங்கும் சந்தைக்கு வந்த வரலாறு இந்த விளக்கத்தையும் பலவீனமாக்குகிறது.

மூன்றாவது விளக்கமே வலுவானது. ஏலத்துக்குத் தேவையான பட்டியலில் இச்சுவர் ஒருபோதும் நுழையவில்லை. தனித்தனிப் படமாக அறுத்து, எண் இட்டு, இன்னார் கை என்று எழுதும் தேவை இங்கே எழவில்லை. பெருமாளைச் சுற்றி வருகிறவருக்கு அது ஒரே சுவர்.

இதைக் கொண்டு பெயரின்மையைப் புகழ நான் முன்வரவில்லை. சோழமண்டலத் துணி ஓவியர் பெயரில்லாததால் நட்டப்பட்டவர். கழுத்துப்பட்டைச் சிறுவன் பெயரில்லாததால் இரண்டாம் முறை அடிமைப்பட்டவன். திருவட்டாற்று ஓவியரும் கூலி வாங்கிய மனிதர்தான். அவர் பெயர் தெரியாதது நமக்கு இழப்பே. ஏலம் பெயரைக் கேட்டதால்தான் ஐரோப்பாவில் ஓவியங்களின் உடைமை வரலாறு எழுதப்பட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். யேலை நாம் இன்று ஆராய முடிவதும் அந்தப் பட்டியல்களால்தான். தேவைப்படுவது விலைக்காக அல்லாத ஒரு பட்டியல்: நம் கோயில் சுவர்களின் ஒவ்வொரு உருவத்தையும் நிலையையும் நிறத்தையும் பதிந்துவைக்கும் பட்டியல். அஜந்தாத் துண்டு போன்றது காணாமல் போனால் அது எங்கிருந்து போனது என்று காட்ட அதுவே சான்றாகும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சந்தையில் சில நூறு ரூபாய் பெறும் வாழைக்குலை ஆயிரக்கணக்கில் போவதைக் குமரி மாவட்டத்தார் பார்த்திருப்போம். எடுத்தவர் சில நேரம் அதையே மறுபடி ஏலத்துக்குத் திருப்பிக் கொடுப்பார். குலையின் விலை அங்கே யாருக்கும் பொருட்டில்லை. கொடுத்தவர், எடுத்தவர் பெயர்களைச் சபை கேட்கிறது. யேலின் வாரிசுகள் லண்டனில் நடத்திய விற்பனையும் நெருங்கிப் பார்த்தால் இதிலிருந்து வெகுதூரம் இல்லை. அங்கும் கூட்டம் பெயருக்குத்தான் பணம் கொடுத்தது. வேறுபாடு ஒன்றே: எங்கள் சபைக்கு அது தெரியும்.